பைரவியின் புலப்படம்

உத்திரமேரூர்,
14-10-1957

அன்புள்ள தானியேலுக்கு,

வேதாசலம் எழுதுவது. நானும் ஆதிலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். மங்கம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ போன கார்டில் எழுதவில்லை. எழுதவும்.

ருஷ்யா விட்ட செயற்கைச் சந்திரனின் சத்தம் ஷார்ட் வேவில் பதினைந்து மீட்டருக்குப் பக்கத்தில் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். நேற்று வரை ஐந்து நாள் தேடினேன். நம் வழக்கப்படி ரிப்போர்ட்:

ஸ்டேஷன்: செயற்கைச் சந்திரன். ஒலி: ஐந்துக்குப் பூஜ்யம். இடைஞ்சல்: வெறும் இரைச்சல், மழை பெய்வதுபோல.

நாம் இருவரும் ஒரே பத்திரிகையில் வந்த ஒரே படத்தைப் பார்த்துச் செய்த ரேடியோ செட்டுகள்தாம். உன்னுடையதில் கேட்டது என்னுடையதில் கேட்கவில்லை என்றால், ஈயப் பற்று வைத்த கையில்தான் குறை. நான் சர்வே ஆபீசில் முப்பது வருஷம் வயல்களுக்குப் புலப்படம் வரைந்தவன். கோடு இழுக்கத் தெரியும். ஈயம் உருக்க எனக்கு எப்போதும் பயம்தான்.

மெட்ராஸ் ஸ்டேஷனிலும் ஒரு தொந்தரவு. புல்லாங்குழல் வைத்தால், மேலே போகப் போகப் பாட்டு அறுந்துவிடுகிறது. கீழே இறங்கும்போது திரும்ப வருகிறது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரு குறையும் இல்லை. இது எந்த உறுப்பின் கோளாறு என்று நீதான் சொல்ல வேண்டும். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம் என்பதால் எழுதவில்லை.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, ஏரி முக்கால் நிறைந்துவிட்டது. ஆனால் விசித்திரமாக, ராத்திரியில் சுவர்க்கோழிப் பூச்சியின் சத்தமே இல்லை. மலேரியாவுக்காக வீடு வீடாக வந்து மருந்து அடித்தார்கள் அல்லவா, அதில் செத்துப்போயிருக்கும். கொசு மட்டும் சத்தமில்லாமல் வந்து கடிக்கிறது.

ஒரு நாள் இங்கே வாயேன். செட்டை நேரில் பார்க்கலாம்.

உன்,
வேதாசலம்


பெரம்பூர், மதராஸ்-11
19-10-57

என் அருமை வேதா,

உன் கடிதத்தைப் படித்து மங்கம்மா சிரித்தாள். "முட்டி வலிய விசாரிக்கறதுக்கு உத்திரமேரூர்லதான் ஆள் கீது, இந்த வூட்ல இல்ல" என்று எனக்கு ஒரு குத்து. வலி அப்படியேதான் இருக்கிறது. குத்து மட்டும் புதிது.

இங்கே ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. விடிகாலையில் மெரினா மணலில் ஆபீசர்கள் முதல் மீன்காரர்கள் வரை நிற்கிறார்கள். பக்கத்தில் வேர்க்கடலை விற்கிறவன் என்னைக் கேட்டான்: "இன்னா சார், ஒரு சந்திரன் பத்தாதா? இன்னொண்ண இன்னாத்துக்கு வுட்டானுங்க, வாடகைக்கா?"  ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் சிக்னல் கம்பி பார்த்தவனுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது.

ஆனால் சத்தம் கேட்டேன், வேதா. சின்னக் குருவிக் குஞ்சு கத்துவதுபோல, மெலிசாக, விடாமல்.  உன்னைத்தான் நினைத்தேன்.

உன் செட்டில் ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு டோன் கண்டென்சர் இருக்கும், பீடித்துண்டு அளவுக்கு. அது கெட்டால் மேல் சத்தத்தை விழுங்கிவிடும். ஒரு காலை வெட்டிவிட்டுப் பார். உன் பற்று வைத்த கைமேல் பழி போடாதே. உன் பற்று என்னுடையதைவிடச் சுத்தம் என்று நான் பத்து தடவை எழுதியாகிவிட்டது.

இன்னொரு செய்தி. ரேடியோ நிலையத்திலிருந்து மறுபடியும் ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை. இரண்டு தடவை "வேலை முடிந்து வீட்டில் வாசிக்கிற ஃபிடில்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை பைரவி வாசிக்கலாமென்று இருக்கிறேன். தேறினால் முதல் ரிப்போர்ட் உன்னிடமிருந்துதான் வர வேண்டும். தேறாவிட்டால் பேச்சே வேண்டாம்.

மழை நிற்கட்டும், வருவதைப் பற்றி அப்புறம் பார்ப்போம்.

உன்,
தானியேல்


உத்திரமேரூர்,
3-11-1957

அன்புள்ள தானியேலுக்கு,

கண்டென்சரின் காலை வெட்டினேன். மாற்றமில்லை. அதன் பிறகு நான் செய்தவை: கடைசி வால்வை மாற்றினேன். ஸ்பீக்கர் காகிதத்தில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தேன், இல்லை. ஏரியலை இறக்கி வெங்காரம் போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றினேன். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் கவனித்து மார்க் போட்டேன். புல்லாங்குழல் ஒன்றுக்கு மேல் ஏறவில்லை.

ஏரியல் கட்டக் கூரைமேல் ஏறியபோது ஆதிலட்சுமி கீழே நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். இறங்கி வந்தால் கோபமாக இருந்தாள். "தபால்காரர் வந்து நிக்கறாரு, இறங்குங்கன்னு மூணு தபா கூப்டேன். ரேடியோவுக்கு வச்ச காதுல எனக்கு ஒரு கால்வாசி வைக்கக் கூடாதா?" என்றாள். யோசனையில் இருந்தேன் என்று சொன்னேன். அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "அந்த அண்ணன் நம்ம கல்யாணத்துக்கு வந்ததோட சரி, அப்பறம் இந்த வாசப்படி மிதிக்கலியே, ஏன்?" பட்டறையில் லீவு கிடைப்பதில்லை என்று சொன்னேன். நீ ரிட்டயராகி மூன்று வருஷமாகிறது என்பது அவளுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. 

ஆடிஷன் நன்றாக நடக்க வேண்டும். வில்லுக்கு ரோசனப் பிசின் அதிகம் தேய்க்காதே. உனக்குப் பதற்றம் வந்தால் தேய்த்துக்கொண்டே இருப்பாய்.

உன்,
வேதாசலம்


பெரம்பூர்,
20-11-57

வேதா, வேதா!

தேறிவிட்டேன்! இந்த வார்த்தையை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். பதினைந்து நிமிஷம் கொடுப்பார்களாம். தேதி பிறகு வரும். ஐம்பத்தெட்டு வயசில் புது ஆர்ட்டிஸ்ட். மங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள், "ரேடியோவுல வந்தா மூஞ்சி தெரியாது, அது ஒண்ணுதான் நல்லது" என்கிறாள்.

எனக்கு ஒரே கவலை உன் செட்டைப் பற்றி. பத்தொன்பது வருஷமாக மெட்ராஸ் ஸ்டேஷன் பாடியதற்கெல்லாம் நீ எனக்கு ரிப்போர்ட் எழுதியிருக்கிறாய். நான் வாசிக்கிறபோது உன் செட் வாயை மூடிக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆகவே கடைசி வைத்தியம். என் செட்டை உனக்கு அனுப்புகிறேன், உன்னுடையதை எனக்கு அனுப்பு. மூர் மார்க்கெட்டில் போன வாரம் ஒரு வால்வு வாங்கப் போனேன். கடைக்காரர் முனிரத்தினம், "சார், இது யுத்தத்துல ஏரோப்ளேன்ல பறந்த வால்வு. இதுவரைக்கும் கீழ வுழல" என்றார். விழாத வால்வு என்றுதான் வாங்கி வைத்தேன், உன் செட்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டர் பச்சமுத்து நமக்குத் தெரிந்தவர். மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

உன்,
தானியேல்


உத்திரமேரூர்,
8-12-1957

அன்புள்ள தானியேலுக்கு,

உன் வெற்றியை ஆதிலட்சுமி கேட்டு உனக்கு அனுப்ப விபூதி எடுத்து வைத்தாள், பிறகு "அவங்க வேதக்காரங்க ஆச்சே" என்று சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. எழுதிப் பார்த்து மூன்று வரி அடித்துவிட்டேன்.

செட் பத்திரமாக வந்தது. பச்சமுத்து, "இன்னா அய்யா, உள்ள குழந்தயா கீது? உன் சிநேகிதரு அப்புடிச் சொல்லி வச்சிக் குடுத்தாரு" என்றார்.

உன் செட்டிலும் அதே கோளாறு.

ஒன்பது நாள் கவனித்தேன். வீணை மூன்று. பெண்கள் செய்தி வாசித்தால் பாதி வார்த்தை புரியவில்லை, இரண்டு. புல்லாங்குழல் ஒன்று. தவில் ஐந்து. ஆகவே குறை செட்டில் இல்லை. என் கை தப்பித்தது. உத்திரமேரூரில்தான் ஏதோ இருக்கிறது. ஏரித் தண்ணீர் ஏறினால் மண்ணின் ஈரம் மாறும், அது எர்த்தைப் பாதிக்கலாம். அல்லது புதிதாக இழுத்த மின்கம்பி. ஏரி மட்டத்தையும் ரிப்போர்ட்டையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதுபோல் ஒரு சமயம் தெரிகிறது, ஒரு சமயம் தெரியவில்லை.

உன் கச்சேரியை நான் கேட்டே ஆக வேண்டும். தேவையானால் காஞ்சிபுரம் போய் யார் வீட்டுச் செட்டிலாவது கேட்பேன். இது சத்தியம்.

உன்,
வேதாசலம்


பெரம்பூர்,
16-12-57

அன்புள்ள வேதாவுக்கு,

உன் செட்டைப் பிரித்துப் பார்த்தேன். உன் பற்று ஒவ்வொன்றும் முத்து. வால்வு எதையும் மாற்றவில்லை. அது இங்கே எப்படிப் பாடுகிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

அதற்குப் பதில் நீ எனக்காக ஒரு சோதனை செய். ஒரு வாரம், நீயும் ஆதிலட்சுமித் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆளுக்கு ஒரு தாள். தங்கச்சிக்கு மார்க் போடச் சொல்லிக்கொடு. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. வாரக் கடைசியில் இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்பு.

ஏன் என்று கேட்காதே. பொங்கலுக்குள் அனுப்பு.

உன்,
தானியேல்


உத்திரமேரூர்,
2-1-1958

அன்புள்ள தானியேலுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். முதல் மார்க் என்னுடையது, இரண்டாவது ஆதிலட்சுமியுடையது.

தவில்: 5, 5.
ஆண் குரல், செய்தி: 4, 5.
வீணை: 3, 5.
பெண் குரல், செய்தி: 2, 5.
புல்லாங்குழல்: 1, 5.
மணி காட்டும் ஊதல்: 0, 5.

கடைசி வரிக்கு அவளைக் கேட்டேன், நீ என்ன கேட்டாய் என்று. "செய்திக்கு முன்னால ஆறு தபா கத்துதே, குருவி மாரி. தெனம்தான் கத்துது" என்றாள்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். செட் ஒன்று. இடம் ஒன்று. நேரம் ஒன்று. ஏரியும் ஒன்றுதான்.

பிறகு, சுவர்க்கோழி கத்துகிறதா என்று அவளைக் கேட்டேன். "இன்னாங்க இது, புரட்டாசி மாசத்துலேர்ந்து தூங்க வுடாம கத்திக்கினு கீது, நீங்க பாட்டுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

வேதாசலம்


பெரம்பூர்,
9-1-58

வேதா,

கடிதம் வந்தது. பொங்கல் கழித்து விரிவாக எழுதுகிறேன். நீ ஒரு வரி எழுது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும்.

தானியேல்


பெரம்பூர்,
1-2-58

என் அருமை வேதாவுக்கு,

ஒரு வரிகூட வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நாள் நீ எழுதாமல் இருந்ததில்லை. டைபாய்டு வந்தபோதுகூட ஆதிலட்சுமி கையால் எழுதி அனுப்பினாய்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவர்க்கோழி செத்துவிட்டது என்று நீ எழுதிய அன்றே எனக்கு ஒரு சந்தேகம். உன் செட் இங்கே வந்து, சுவிட்சைப் போட்டதும் புல்லாங்குழல் கணீரென்று பாடியபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. மங்கம்மா, "இதுல இன்னா கோளாறுன்னு அனுப்பனாரு? நம்முதவிட நல்லா கீதே" என்றாள். 

உனக்கு நேராக எழுதக் கை வரவில்லை. நீயே கண்டுபிடிக்கட்டும் என்று சோதனை வைத்தேன். ரிப்போர்ட்டில் பொய் எழுதக் கூடாது என்று முதல் நாளில் சட்டம் போட்டவர்கள் நாம். நான் பொய் எழுதவில்லை. ஆனால் பாதியை எழுதாமல் விட்டேன். அதுவும் தப்புதான். மன்னித்துவிடு.

தேதி வந்துவிட்டது. மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. மெட்ராஸ் ஸ்டேஷன். நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். ஃபிடிலைச் சுருதி இறக்கிக் கட்டி, பதினைந்து நிமிஷமும் கீழ் இரண்டு தந்தியிலேயே பைரவி வாசிக்கப் போகிறேன். உனக்கு மூன்று மார்க்காவது கேட்கும்.

தானியேல்


உத்திரமேரூர்,
18-2-1958

அன்புள்ள தானியேலுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு நீதான் மன்னிக்க வேண்டும். உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. எழுத உட்கார்ந்தால், என்ன எழுதினாலும் புகார்போல வந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதருகில் வைத்தார், பிறகு நெற்றியில் வைத்தார். நரம்பு தளர்ந்துவிட்டது, மேல் சத்தம் போனது போனதுதான், கீழ்ச் சத்தம் இன்னும் சில வருஷம் இருக்கும் என்றார். மருந்து இல்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஆதிலட்சுமி என் காதில் உரக்கத் திருப்பிச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

செட்டின் மேல் துணி போட்டு மூடிவிட்டேன். நாற்பது நாளாயிற்று.

உன் யோசனையைப் பற்றி. தயவுசெய்து அப்படிச் செய்யாதே. முப்பது வருஷம் காத்திருந்து கிடைத்த பதினைந்து நிமிஷம். கேட்டு மறுபடி கூப்பிடலாமா என்று முடிவு செய்ய அங்கே பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவனுக்காக நீ கீழேயே வாசித்தால், மேலே போகத் தெரியாதவன் என்று நினைப்பார்கள். மேல் ஷட்ஜத்தில் நீ நிற்கிற நிலையை நான் கேட்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு வாசித்தால் நான் எப்படித் தாங்குவேன்?

ஆனால் என்னால் ரிப்போர்ட் எழுத முடியாது. சங்கிலி போட்டு அளக்காத நிலத்துக்கு நான் எப்போதும் படம் வரைந்ததில்லை. வேறு யாரையாவது கேட்டு எழுதச் சொல்லட்டுமா? தபாலாபீஸில் பஞ்சாட்சரம் என்று ஒருவர் இருக்கிறார், சங்கீத ஞானம் உண்டு.

வேதாசலம்


பெரம்பூர்,
24-2-58

வேதா,

பஞ்சாட்சரம் வேண்டாம். அவர் யாரோ, நான் யாரோ.

நீ சொன்னபடி மேலே போகிறேன். நீ மட்டும் துணியை எடு. கேட்டதைக் கேட்டேன் என்று எழுது. கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுது. பூஜ்யம் போட வேண்டிய இடத்தில் பூஜ்யம் போடு. எனக்கு உன் ரிப்போர்ட்தான் வேண்டும், வேறொருவர் மார்க் வேண்டாம்.

தானியேல்


உத்திரமேரூர்,
16-3-1958
ஞாயிறு, காலை பத்து மணி

அன்புள்ள தானியேலுக்கு,

இதனுடன் மடித்து வைத்திருக்கும் கட்டத்தாளைப் பத்திரமாகப் பிரித்துப் பார். அதுதான் ரிப்போர்ட். விளக்கம் கீழே.

எட்டு மணிக்கே செட்டைப் போட்டுவிட்டேன். இடது கை ஸ்பீக்கர் பெட்டியின்மேல், வலது கையில் பென்சில், காது பெட்டியோடு ஒட்டி. ஆதிலட்சுமியை எதிரில் உட்கார வைத்து ஒன்று சொல்லிக்கொடுத்தேன். ஃபிடில் மேலே போனால் கையை மேலே தூக்க வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும், எவ்வளவு தூரமோ அவ்வளவு. "இன்னா, இந்த வயசுல என்ன நாட்டியம் ஆட வைக்கறீங்க, பக்கத்து வூட்ல பாத்தா இன்னா சொல்லுவாங்க?" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

உன் பெயரைச் சொன்னார்கள். ஆண் குரல். "தானியேல்" என்பது முழுவதும் கேட்டது. மார்க் ஐந்து.

தாளில் இடமிருந்து வலம் நிமிஷம். கீழிருந்து மேல் ஸ்வரம். நான் என் காதால் கேட்டதையும் கையால் உணர்ந்ததையும் முழுக்கோட்டில் போட்டிருக்கிறேன். எனக்குக் கேட்காமல் ஆதிலட்சுமியின் கை காட்டிய இடங்களைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன். சர்வேயிலும் அதுதான் வழக்கம். சங்கிலி போட்டு அளந்தது முழுக்கோடு. ஊர்க்காரர் சொல்லி அறிந்த எல்லை புள்ளிக்கோடு.

முதல் நான்கு நிமிஷம் முழுக்கோடுதான் அதிகம். கீழ்த் தந்தியில் நீ ஆலாபனை ஆரம்பித்தபோது பலகை என் விரலுக்குக் கீழே அதிர்ந்தது. அது பைரவி என்று எனக்கே தெரிந்தது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழாவது நிமிஷத்திலிருந்து நீ ஏறிவிட்டாய். எனக்கு ஒன்றும் இல்லை. ஆதிலட்சுமியின் கை மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல் போய் அங்கேயே நின்றது. வெகு நேரம் நின்றது. கை வலித்திருக்கும், இறக்கவில்லை. அவள் கண்ணில் நீர் வந்தது. நீ மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். அந்தப் புள்ளிக்கோட்டை அவள் கை போனபடியே போட்டிருக்கிறேன்.

மொத்த மார்க்: கேட்ட பகுதிக்கு ஐந்து. கேட்காத பகுதிக்குப் பூஜ்யம். அதைப் பற்றி எனக்கு நேர்ச் சாட்சி இல்லை.

இன்னும் ஒரு ரிப்போர்ட் பாக்கி இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷமாக எழுதாமல் விட்டது. சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நாளும் எனக்கு ஒரே ஒரு குரல்தான் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் கல்யாணத்தன்று நீ கோட்டு போட்டுக்கொண்டு, ஃபிடில் பெட்டியோடு, பெருநகர் கிராமத்திலிருந்து நடந்து வந்திருந்தாய். பந்தி போட்டார்கள். நீ என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு உட்காரப் போனாய். என் பெரியப்பா, "எங்க ஏரோட்டி மவன் பந்தியிலயா? அவனுக்குப் பின்னால வைக்கப்போருகிட்ட எலய போடுங்கடா" என்றார். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் ஐந்தடி தூரத்தில் இருந்தேன். குனிந்து மாலையைச் சரிசெய்தேன். நாதஸ்வரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்பதுபோல இருந்தேன்.

அப்போது நாதஸ்வரம் நின்றிருந்தது. என் காது நன்றாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.

ஒலி: ஐந்து. தெளிவு: ஐந்து. இடைஞ்சல்: இல்லை. இதை முழுக்கோட்டில் போடுகிறேன்.

இன்று காலை கச்சேரி முடிந்ததும் ஆதிலட்சுமியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே நான் கேட்டிருப்பேன்" என்றாள். யாரை, என்ன கேட்டிருப்பாள் என்று நான் விசாரிக்கவில்லை. இந்த வீட்டுக் கூடத்தில் உனக்கு இலை போட வேண்டும் என்று அவள் சொல்கிறாள். நானும் சொல்கிறேன். நீ வரமாட்டேன் என்றால் அதற்கு உனக்கு உரிமை உண்டு. இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கவும் உரிமை உண்டு.

வேதாசலம்


பெரம்பூர்,
29-3-58

அன்புள்ள வேதாவுக்கு,

ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆடி மாதத்தில் மறுபடி கூப்பிடுகிறார்களாம். நல்ல செய்தியை முதலில் எழுதிவிட்டேன்.

உன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்பதாவது நிமிஷத்தில் என் விரல் வழுக்கியது. கேட்ட பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. உன் புள்ளிக்கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது. தங்கச்சியின் காது பொல்லாத காது. அவளிடம் சொல்.

மற்றதைப் பற்றி. அன்று நீ குனிந்தது எனக்குத் தெரியும். கேட்டுக் குனிந்தாயா, கேட்காமல் குனிந்தாயா என்பது மட்டும் தெரியாது. கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால்தான் உனக்குக் கடிதம் எழுத முடியும் என்று இருந்தது. ஆனால் உன் ஊருக்கு வர மட்டும் கால் வரவில்லை. எங்கப்பா உங்கள் நிலத்தில் முப்பது வருஷம் உழுதார். அந்த வீட்டுக்கு முன்வாசலால் வந்து பின்வாசலால் போனவன் நான். மழை, லீவு, முழங்கால் என்று உனக்கு எழுதிய சாக்கெல்லாம் பொய். என் ரிப்போர்ட்டிலும் பொய் உண்டு, பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து நாலு நாள் ஃபிடிலைத் தொடவில்லை. மங்கம்மா கேட்டாள்: "கோவம் யார் மேல? செத்துப்போன பெரியவரு மேலயா, உசுரோட கீறவரு மேலயா?" இரண்டு பேர் மேலும்தான் என்றேன். "சரி, செத்தவர வுட்டுடு. உசுரோட கீறவர நேர்ல போய்க் கேளு. சத்தமாக் கேளு, அவருக்குக் காது மந்தம்" என்றாள்.

ஈஸ்டர் முடிந்து, சித்திரை பிறந்த பிறகு, ஏப்ரல் 20 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மங்கம்மாவும் வருகிறாள். பச்சமுத்துவின் பஸ். உன் செட்டும் எங்களோடு வருகிறது, என்னுடையதைத் துடைத்து வை.

கூடத்தில் நாலு இலை போடச் சொல். நீயும் தங்கச்சியும் எங்களோடு உட்கார வேண்டும், பரிமாறுகிறேன் என்று நின்றுகொண்டிருக்கக் கூடாது. சாப்பிட்டபின் உனக்கு எதிரில் உட்கார்ந்து, ஃபிடிலின் தலையை உன் கையில் கொடுத்து வாசிக்கிறேன். படத்தை எடுத்து வருகிறேன். ஏழாவது நிமிஷத்திலிருந்து ஆரம்பிப்போம். விரல் வழியாக எங்கெல்லாம் அதிர்வு வருகிறதோ அங்கெல்லாம் புள்ளிமேல் பென்சிலை ஓட்டு. வராத இடம் புள்ளியாகவே இருக்கட்டும்.

உன்,
தானியேல்